சிப்பானி டால்ஃபின்: உடைக்கக் குடுக்கவா, உயிர் குடுக்கவா?

ஓசூர்க்காரன்:
அண்ணன்மாரே, சித்தப்பாவோட சிப்பானி டால்ஃபின் கார் கொட்டகையில ரொம்ப வருஷமா நிக்குது. ரெண்டு கதவு, ஃபைபர் பாடி. இடது மட்கார்டுல மயிரிழை விரிசல், வேற சேதம் இல்ல. இன்ஜின் ஜாம். பழைய இரும்புக்காரர் காந்தத்தை வெச்சுப் பாத்துட்டு, "ஃபைபருக்கு விலை கிடையாது, சேஸிஸை மட்டும் அறுத்து எடுத்துக்கறேன்"ங்கறார். எனக்கு மனசு வரல. மாருதி 800 இன்ஜின் ஏறுமா?

கோவை வேலன்:
800 ஃப்ரண்ட் வீல் டிரைவ், இன்ஜின் முன் சக்கரத்தைச் சுத்தும். டால்ஃபின் ரியர் வீல், பின் சக்கரத்தைச் சுத்தும். ஏத்தினா அதே மாதிரி ரியர் வீலான மாருதி ஆம்னி வேன் இன்ஜின்தான், கியர்பாக்ஸோட. ஆர்.டி.ஓ. அனுமதியும் வேணும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, சேஸிஸை அறுக்க விட்றாதீங்க. நம்பர் அதுலதான் இருக்கு. அது போனா ஆர்.சி.யும் போச்சு, மிச்சம் வெறும் ஃபைபர் கூடுதான். டால்ஃபின் பல இடத்துல இப்படித்தான் காணாம போகுது. பாடி துருப்பிடிச்சுச் சாகற வண்டி இல்ல இது.

இதோட மூலம் இங்கிலாந்தோட ரிலையண்ட் கிட்டன் கார். அங்கேயே நாலாயிரம் சொச்சம்தான் செஞ்சாங்க. பெங்களூருல சிப்பானி 1982-ல கொண்டுவந்தாங்க. 1983 டிசம்பர்ல மாருதி 800 நாலு கதவோட வந்துடுச்சு. அதுக்கப்புறம் குடும்பஸ்தன் யாரு ரெண்டு கதவு வண்டி வாங்குவான்? ஆனா எடை கம்மிங்கறதால அப்போ சென்னை பக்கத்துல நடந்த சோழவரம் ரேஸ்ல இதுக்குத் தனி மவுசு இருந்துச்சு.

இன்ஜினை மாத்தாதீங்க. அந்த 848 சிசி முழு அலுமினியம், அதுதான் இந்த வண்டியோட உசுரு. இதே இன்ஜின் ரிலையண்ட் ராபின் மூணு சக்கர வண்டியிலயும் வந்ததால, இங்கிலாந்துல சாமான் தேடலாம். பிளக்கைக் கழட்டி ஆயில் விட்டு ஊறப் போடுங்க. கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இன்ஜின் ஹெட்டைத் தூக்கினா லைனரை (பிஸ்டன் ஓடற உருளைக் குழாயை) கிளாம்ப் போட்டுப் பிடிச்சுட்டுத்தான் கிராங்கைச் சுத்தணும், இல்லேன்னா லைனர் மேல எழும்பி கீழ் சீல் போயிடும். கூலன்ட் இல்லாம பச்சைத் தண்ணி ஊத்தி ஓட்டியிருந்தா அலுமினியம் அரிச்சிருக்கும், வாட்டர் ஜாக்கெட்டை (இன்ஜினுக்குள்ள தண்ணி ஓடற வழியை) பாருங்க.

விரிசலுக்கு டிங்கர்கிட்ட போகாதீங்க, ஃபைபர் வேலை செய்யறவங்ககிட்ட போங்க. பெயின்ட் ரிமூவர் தடவ விடாதீங்க, ஃபைபர் மேல இருக்கற ஜெல்கோட் பூச்சைத் தின்னுடும்.

ஓசூர்க்காரன்:
ரொம்ப நன்றிண்ணா. இரும்புக்காரரை வர வேணாம்னுட்டேன். ஆர்.சி. புக் சித்தி பீரோவுல இருக்காம். விண்டேஜ்னு பதிய முடியுமா?

பழைய ஸ்பேனர்:
அதுக்கு 50 வருஷம் ஆகணும் தம்பி. 1982 வண்டியா இருந்தாலும் 2032 வரைக்கும் காத்திருக்கணும். இப்போதைக்கு வண்டியை ஓட வெச்சு எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிங்க. சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சுப் பாத்து புக்கோட ஒத்துப்போகுதான்னு முதல்ல சொல்லுங்க.