காற்றா, வளியா? உப்புக் குடைவுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் காற்றை அமுக்கி நிலத்தடி உப்புக் குகையில் அடைத்துவைத்து, தட்டுப்பாட்டு நேரத்தில் திறந்து விசையாழியைச் சுழற்றும் முறைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'அழுத்தப்பட்ட காற்று ஆற்றல் சேமிப்பு' என்று எழுதியிருக்கிறேன். வாயில் நுழையவில்லை. சுருக்கித் தாருங்கள்.
— காட்பாடி

காட்பாடி ஐயாவுக்கு வணக்கம்.

நீளம் இருக்கட்டும், பொருளே பிசகுகிறது. 'காற்று ஆற்றல்' என்றதும் படிப்பவர் காற்றாலையை நினைப்பார். 'காற்றழுத்த' என்று மாற்றிப் போட்டால் வானிலை அறிக்கையின் தாழ்வு நிலை வந்து நிற்கும். வளிமண்டலத்தில் உள்ள 'வளி' எல்லாருக்கும் பழகியதுதான். 'அழுத்தவளி' என்போம். நீர்த்தேக்கம் போல 'அழுத்தவளித் தேக்கம்'.

'ஆற்றல் சேமிப்பு' என்பதை நான் வேண்டுமென்றேதான் விடுகிறேன். எரிவாயுவும் சேர்ந்து எரிவதால் இது வெறும் சேமிப்பு அல்ல. ஜெர்மனியின் ஹுன்டார்ஃபில் 1978 முதல் ஓடும் இத்தகைய நிலையத்தில் 1 யூனிட் மின்சாரம் திரும்ப எடுக்க, அமுக்குவதற்குச் சுமார் 0.8 யூனிட் மின்சாரமும், மேற்கொண்டு 1.6 யூனிட் அளவுக்கு எரிவாயுவும் செலவாகின்றன. திறன் 42 விழுக்காடு. அலபாமாவின் மெக்கின்டாஷில் (1991) புகைபோக்கிக்குப் போகும் வெப்பத்தை உள்ளே வரும் வளிக்கு ஏற்றுவதால் 54 விழுக்காடு.

எரிவாயு எதற்கு? பஞ்சர் கடை கம்ப்ரசர் ஓடும்போது தலையிலிருந்து டாங்கிக்குப் போகும் செம்புக் குழாயைத் தொட முடியாது. அந்தச் சூடுதான் கொடுத்த மின்சாரத்தின் பெரும்பங்கு. ஒரே மூச்சில் 70 பாருக்கு (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 70 மடங்கு) அமுக்கினால் வளி 700 பாகை செல்சியசைத் தாண்டும். அதனால் படிப்படியாக அமுக்கி, இடையிடையே குளிரவைத்து, ஏறக்குறைய 50 பாகையில்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியே விடும்போது வளி விரிந்து கடுங்குளிராகும். எரிவாயுவை எரித்துச் சூடேற்றாவிட்டால் ஈரம் உறைந்து விசையாழி இலைகளைக் கெடுக்கும்.

எடுத்த வெப்பத்தைத் தனியே வைத்திருந்து திருப்பித் தரும் புதுவகையை ஆங்கிலத்தில் 'adiabatic' என்பார்கள். அதற்குப் பாடநூல் வழியில் 'வெப்பப் பரிமாற்றமில்லா' என்று போட்டால் நேர்மாறாகிவிடும். அங்கே நடப்பதே வெப்பப் பரிமாற்றம்தான். 'வெப்பமீட்பு அழுத்தவளித் தேக்கம்' சரி.

அடுத்தது 'குகை'. குகை தானாக உண்டானது. மனிதர் குடைந்ததற்கு நம் பக்கத்திலேயே மகேந்திரவாடிக் கோயில் இருக்கிறது. அதைக் குடைவரை என்கிறோம். 'வரை' என்றால் மலை, உப்புப் படிவமோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. எனவே 'உப்புக் குடைவு'. வேலூரின் அடியில் இருப்பது நைசு, சார்னோக்கைட்டு என்ற கடும்பாறைகள். இங்கே செய்தால் அது 'பாறைக் குடைவு'. தலைச்சொல்லில் உப்பைச் சேர்க்காமல் அடைமொழியாக வைத்தால் இரண்டுக்கும் உதவும்.

உப்பில் உளி இல்லை. துளையிட்டு நன்னீர் இறக்கிக் கரைத்து வெளியேற்றுவார்கள்: 'கரைத்துக் குடைதல்'. ஒரு கனமீட்டர் இடம் பிறக்க 7, 8 கனமீட்டர் நீர் வேண்டும். ஹுன்டார்ஃபின் இரு குடைவுகளும் சேர்ந்து சுமார் 3 லட்சம் கனமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியேறுவதை 'உவர்நீர்' என்றால் நம் பாலாற்றங்கரைக் கிணற்று நீரைச் சொல்வதுபோல் ஆகிவிடும். இது 100 கிராம் நீருக்கு 36 கிராம் உப்பு வரை கொள்வது. 'தெவிட்டிய உப்புக்கரைசல்' என்றே எழுதவேண்டும். அதை எங்கே விடுவது என்பது தோல் பதனிடும் ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.
— ராணிப்பேட்டை

ராணிப்பேட்டை அண்ணனுக்கு,

அழுத்தவளி, குடைவு இரண்டும் நன்று. 'தேக்கம்' மட்டும் உறுத்துகிறது. விற்பனைத் தேக்கம் என்றால் நகராமல் கிடப்பது. ஆனால் 'கிடங்கு' என்றால் அரிசி மூட்டைதான் தெரியும். வேறு கிடைக்கும்வரை தேக்கமே இருக்கட்டும்.

ஒரு சொல் விடுபட்டது. மேலுள்ள பாறையின் எடையில் உப்பு மெல்ல மெல்ல உள்நோக்கிப் பிதுங்கும். விரிசல்களைத் தானே மூடிக்கொள்வது அதனால்தான். அழுத்தத்தை நெடுநாள் மிகவும் இறக்கிவைத்தால் குடைவு சுருங்குவதும் அதனால்தான். மளமளவென்று இறக்கினாலோ சுவர் உரிந்து விழும். ஹுன்டார்ஃபில் மணிக்கு 15 பாருக்கு மேல் இறக்குவதில்லை. இந்தப் பிதுக்கத்துக்கு 'இளகல்' என்று எழுதியிருந்தேன். ஆனால் வெல்லம் இளகுவது ஈரத்தால். உப்பு காய்ந்தே இருந்தாலும் நகர்கிறது. 'ஊர்வு' பொருந்துமா?
— வாலாஜா

பொருந்தும் தம்பி. பட்டியலில் சேர்த்துவிட்டேன்: உப்பின் ஊர்வு.
— ராணிப்பேட்டை