பித்தியத்தைப் பூஞ்சை என்று எழுதலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

தக்காளி நாற்றங்கால் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. இளநாற்றின் தண்டடி அழுகிச் சாயும் நாற்றழுகல் நோயை உண்டாக்குபவற்றில் ரைசோக்டோனியா உண்மையான பூஞ்சை, பித்தியம் அப்படியல்ல. அது ஊமைசீட் (oomycete), அதாவது பூஞ்சை போலத் தெரிந்தாலும் வேறு குலத்து உயிரி. அதன் செல்சுவர் பெரும்பாலும் குளுக்கனும் செல்லுலோஸும், பூஞ்சைச் சுவரில் உள்ள கைட்டின் அல்ல. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் பித்தியம் அசையாது. மெட்டலாக்சில் என்ற மருந்து பித்தியத்தை அடக்கும், ரைசோக்டோனியாவை விட்டுவிடும். இரண்டையும் பூஞ்சை என்றே எழுதினால், கடையில் கிடைத்த ஏதோ ஒரு பூஞ்சைக்கொல்லியை வாங்கி ஊற்றுவார்கள், நாற்று போய்விடும். ஊமைசீட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

*

ஐயா, கிரேக்க மூலத்தைப் பார்த்தால் 'முட்டைப்பூஞ்சை'. ஆனால் முதலில் 'பூஞ்சை'யையே விடுங்கள். பூஞ்சை உடம்பு என்றால் மெலிந்த உடம்பு. ஊறுகாயில் பூப்பது பூசணம். பூத்தல் என்ற வினையோடு ஒட்டி நிற்கும் சொல் அது. இந்த உயிரிக்கு உறவு பழுப்புப்பாசி. ஆகவே 'பாசிப்பூசணம்'.

*

இலங்கையில் நாங்கள் பூஞ்சையைப் பங்கசு, பூஞ்சைக்கொல்லியைப் பங்கசுநாசினி என்றே படித்தோம். எந்தக் குழப்பமும் வரவில்லை. ஊமைசீட்டையும் அப்படியே வைத்தால் என்ன?

*

வைக்கலாம், ஆனால் வாசிப்பவர் 'ஊமை'யில் நின்றுவிடுவார். முட்டை என்றால் கோழிப்பண்ணை நோய் என்பார். நான் நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். குழித்தட்டில் தண்ணீர் தேங்கினால்தான் இது பாய்கிறது. அதன் வித்திகள் வாலடித்து நீந்துகின்றன. 'நீர்ப்பூஞ்சை' என்று போடுங்கள். பெயரைப் பார்த்ததும் வடிகால் நினைவுக்கு வரட்டும். மருந்து அதற்கு அப்புறம்தான். நாங்கள் கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைக்கிறோம்; அழுகல் தெரிந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தைக் கரைத்து மண் நனைய ஊற்றுகிறோம். செம்பு இரண்டு வகைக்கும் ஓரளவு கேட்கும்.

*

பூஞ்சை அல்லாததற்குப் பூஞ்சை என்று பெயரா? அந்தப் பிழையைத்தானே நீக்க வந்தோம்?

*

விண்மீன் மீனா, அம்மா?

*

விண்மீனில் உள்ள மீன், மின்னுதலோடு உறவுள்ள சொல். உவமை செல்லாது. நட்சத்திரமீன் என்றிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

*

சரி, நேரமில்லை. நால்வர் நீர்ப்பூஞ்சை என்கிறார்கள், அதையே போடுகிறேன். கீழே ஒரு வரி: 'பித்தியம் நீர்ப்பூஞ்சை, கார்பென்டசிம் இதற்குப் பயன்படாது.' 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த, நம் தக்காளியில் பின்பருவக் கருகல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோராவும் இதே குலம் என்பதால் அந்தக் கருகல் பக்கத்திலும் இதே சொல் வரும்.

*

நீர் சரி. பூஞ்சையை நான் ஏற்கவில்லை. 'நீர்ப்பூசணம்' என்று அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.