சென்சார் துடிப்பின் அலைவு நேரத்தை எஃப்பிஜிஏ-வில் அளத்தல்: இடையிடையே வரும் பொருந்தாத எண்கள்

கேள்வி

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கன்வேயர் தண்டின் பல்சக்கரத்தைப் பார்க்கும் 24 வோல்ட் புராக்சிமிட்டி சென்சாரை (உலோகம் அருகில் வருவதைத் தொடாமல் உணர்வது), ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) வழியாக 3.3 வோல்ட்டாக்கி, 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் உள்ள மேக்ஸ் 10 எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சில்லு) போர்டில் இணைத்திருக்கிறேன். துடிப்பு 10 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். கவுண்டர் 50 மெகாஹெர்ட்ஸில் ஓட, சென்சார் சிக்னலையே வெரிலாக்கில் (சுற்றை விவரிக்கும் மொழி) இன்னொரு ஆல்வேஸ் பிளாக்கின் (கிளாக் முனைதோறும் இயங்கும் பகுதி) கிளாக்காக வைத்து, அதன் ஏறுமுனையில் (0-விலிருந்து 1-க்கு மாறும் கணம்) கவுண்டரின் மதிப்பைப் பிடித்துக்கொள்கிறேன். சிமுலேஷனில் எல்லாம் சரியாக வருகிறது; போர்டிலோ அவ்வப்போது சற்றும் பொருந்தாத எண் வருகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1

ஐயா, சென்சார் சிக்னலைக் கிளாக்காகப் பயன்படுத்துவதுதான் முதற்காரணம். உங்கள் கவுண்டர் 32,767-லிருந்து 32,768-க்கு மாறும்போது பதினாறு பிட்டுகள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஆனால் அவை அனைத்தும் துல்லியமாக ஒரே கணத்தில் ரெஜிஸ்டரை வந்தடைவதில்லை. 50 மெகாஹெர்ட்ஸுக்குத் தொடர்பே இல்லாத சிக்னல் அந்தக் கணத்தில் பதிவு செய்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான எண் கிடைக்கும். கம்பித் தாமதங்களைக் கணக்கில் கொள்ளாத சிமுலேஷனில் இது ஒருபோதும் தெரியாது.

சிக்னலை 50 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் (கிளாக் முனையில் ஒரு பிட்டைப் பிடித்து வைப்பவை) வழியாக அடுத்தடுத்துச் செலுத்துங்கள். முதலாவது, 0-வா 1-ஆ என்று தீராத மெட்டாஸ்டபிள் நிலையில் சிக்கினாலும், அடுத்த 20 நானோ வினாடிக்குள் அது பெரும்பாலும் தெளிந்துவிடும். மூன்றாவது ஃபிளிப்-ஃபிளாப்பில் முந்தைய நிலையை வைத்திருந்து, முன்பு 0, இப்போது 1 என்றால் அதுவே ஏறுமுனை. இப்போது எல்லாமே ஒரே கிளாக்கில் நடக்கின்றன.

கவுண்டரை ஒவ்வொரு முனையிலும் பூஜ்யமாக்க வேண்டாம் என்பது என் கருத்து. 32 பிட் கவுண்டரை நிறுத்தாமல் ஓடவிட்டு, இப்போதைய மதிப்பிலிருந்து முந்தைய முனையின் மதிப்பைக் கழியுங்கள். கவுண்டர் ஏறத்தாழ 86 வினாடிகளுக்கு ஒருமுறை சுற்றி வந்தாலும், குறியற்ற கழித்தல் சரியான விடையையே தரும். ஒன்று கூடுதலா குறைவா என்ற குழப்பமும் எழாது. கன்வேயர் நின்றுவிட்டதை அறிய மட்டும், கடைசி முனைக்குப் பின் அரை வினாடி கடந்தால் எழும் தனிக் கொடி ஒன்று வேண்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதைச் செய்த பிறகும் சில மைக்ரோ வினாடி அளவிலான மிகச் சிறிய எண்கள் வந்தால், ஆப்டோகப்ளரைப் பாருங்கள். அதன் டிரான்சிஸ்டர் மெதுவாக அணைவதால் முனை சாய்ந்து எழும். அந்தச் சாய்வில் மோட்டார் இரைச்சல் சேரும்போது ஒரே பல் பல முனைகளாகத் தெரியும். நடுவில் 74எச்சி14 போன்ற ஷ்மிட் டிரிகர் (ஏறும்போதும் இறங்கும்போதும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் மாறி, சிறு இரைச்சலைப் பொருட்படுத்தாத சில்லு) வையுங்கள். அது சிக்னலைத் தலைகீழாக்கினாலும் அலைவு நேரம் மாறாது. கூடவே, புதிய நிலை 500 கிளாக்குகள், அதாவது 10 மைக்ரோ வினாடி, தொடர்ந்து நிலைத்தால் மட்டுமே ஏற்கும் வடிகட்டியையும் எழுதுங்கள். இந்தத் தாமதம் எல்லா ஏறுமுனைகளுக்கும் பொதுவானதால், கழித்தலில் நீங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மூன்று ஃபிளிப்-ஃபிளாப் அமைப்புக்கு மாற்றியதும் பொருந்தாத எண்கள் நின்றுவிட்டன. ஆனால் வேகம் சீராக இருக்கும்போதும் அடுத்தடுத்த அளவுகள் சிறிது வேறுபடுகின்றன. கிளாக்கை 200 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தலாமா?

மறுமொழி 1

தேவையில்லை. 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலைவுக்கு 50,000 கிளாக்குகள் கிடைக்கின்றன. ஒரு கிளாக் பிழை பத்து லட்சத்தில் 20 பங்குதான், போர்டின் கிரிஸ்டல் பிழையே அந்த அளவுக்கு இருக்கக்கூடும். நீங்கள் காணும் வேறுபாடு, பற்கள் சம இடைவெளியில் வெட்டப்படாததால் வருவதாகவே எனக்குப் படுகிறது. ஒரு சுற்றுக்குரிய அளவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். அடுத்த சுற்றிலும் அதே ஏற்ற இறக்கம் திரும்பினால் ஐயமே இல்லை. அப்படியானால் சக்கரத்தில் எத்தனை பற்களோ அத்தனை முனைகளுக்கு முந்தைய நேரத்தைச் சேமித்து, அதிலிருந்து கழியுங்கள். ஒவ்வொரு பல்லிலும் புதிய விடை வரும். அந்த விடை எப்போதும் முழுச் சுற்று ஒன்றுக்குரியதாக இருக்கும்.