18 வயதில் குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தர வேண்டுமா?

மேற்குவீதிக்காரன்:
குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயது நிரம்பியவர்களுக்கு மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் பிற்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகான உதவி, உண்டு. 21 வயது வரை கிடைக்கும், சிலருக்கு 23 வரை நீட்டிக்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூலி வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளையும் 18 வயதில் வேலைக்குத்தானே போகிறான்? அவனுக்கு யார் படி அளக்கிறார்கள்? அதே பணத்தை, வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விட வருகிற தாய்க்குக் கொடுங்கள். பிள்ளை வீட்டிலேயே வளரும்.

தேன்சிட்டு:
கூலிக்காரர் வீட்டுப் பையன் வேலை போனால் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான் ஐயா. நான் இல்லத்தில் வளர்ந்தவள். கோடை விடுமுறைக்குக் கல்லூரி விடுதியைப் பூட்டுவார்கள். ‘அழைத்துப் போக யார் வருகிறார்கள்?’ என்று காப்பாளர் பதிவேட்டை நீட்டுவார். உறவுமுறை எழுதும் கட்டத்தில் நான் என்ன எழுதுவது? ஆதாரில் இருந்தது இல்லத்து முகவரி. வங்கி அனுப்பிய ஏடிஎம் அட்டை அங்கே போய், ஆள் இல்லை என்று திரும்பிவிட்டது. 4000 ரூபாய் சென்னையில் ஒரு மகளிர் விடுதியில் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் போதாது. இதைப் போய்ச் சலுகை என்கிறீர்களே!

மேற்குவீதிக்காரன்:
முகவரி, பதிவேடு, விடுமுறை என்று நீங்கள் சொன்ன எதுவும் பணத்தால் தீராதது, சகோதரி. என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள்.

பழைய கோப்பு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு நிதியுதவி ‘வழங்கலாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. கேட்டு வாங்கும் உரிமை இல்லை. அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள் சற்று மேல். பிள்ளை வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே வெளியே போன பின் அவனுக்கு என்ன வழி என்ற திட்டத்தைத் தயாரித்து, இத்தகைய பிள்ளைகளின் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் நான் புரட்டிய திட்டக் கோப்புகளில் பலவற்றில் பெயர் மட்டுமே மாறியிருந்தது. ‘தையல் பயிற்சியில் ஆர்வம் உள்ளது.’ பெண்ணுக்கும் தையல், பையனுக்கும் தையல்! பாதுகாப்பு என்று சொல்லிச் சமையலறைக்குள்ளேயே விடாமல் வளர்க்கிறார்கள். 18ஆம் பிறந்தநாள் தாண்டியதும் அந்தப் பிள்ளை தனியாகப் பொங்கிச் சாப்பிட வேண்டுமாம்.

மேற்குவீதிக்காரன்:
அப்படியானால் 16 வயதிலிருந்தே பழக்குங்கள். சமையல், வங்கிக் கணக்கு, ஒரு கைத்தொழில். அதற்குச் செலவழித்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

தேன்சிட்டு:
பழகியவனிடமும் வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார், முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்திருக்க வேண்டும். என் தோழியின் அப்பா எங்கேயோ உயிரோடு இருக்கிறார். அதனால் அவள் அந்தப் பட்டியலில் வரமாட்டாள். அவர் வழியில் சாதிச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் ஒரு தாளும் அவள் கையில் இல்லை. நீங்கள் சொன்ன கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த அலைச்சல் உண்டா?

மேற்குவீதிக்காரன்:
சான்றிதழ் விஷயம் அநியாயம்தான், அதைத் திருத்த வேண்டும். ஆனாலும் மாதப்படி சோம்பலை வளர்க்கும் என்பதே என் கருத்து. வேண்டுமானால் வெளியேறும் அன்று மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பட்டும்.

தேன்சிட்டு:
கொடுத்துப் பாருங்கள். அத்தனை வருடம் எட்டிப் பார்க்காத சித்தப்பாக்கள் எல்லாம் அன்றைக்கு வாசலில் நிற்பார்கள்.

பழைய கோப்பு:
நின்றிருக்கிறார்கள். காருடன்.