வானம் பூசினா காலிஃபிளவர் பூக்குது, என்ன தப்பு பண்றேன்?

தெப்பக்கரை:
வணக்கம். மன்னார்குடியில உரக்கடை வச்சிருக்கேன். கடைக்கு ஆள் வராத மத்தியானத்துல வாட்டர்கலர் பழகுறேன், நாலு மாசமாச்சு. போன ஞாயித்துக்கிழமை ஹரித்ராநதிக் கரையில உக்காந்து குளத்தையும் வானத்தையும் போட்டேன். அல்ட்ராமரின் நீலம் நல்லாத்தான் இறங்குச்சு. அடியில ஓரமா ஒரு இடம் வெளுத்த மாதிரி தெரியவும், ஈர பிரஷ்ஷால ஒரே ஒரு தொடு தொட்டேன். அஞ்சு நிமிஷத்துல அங்க காலிஃபிளவர் மாதிரி சுருள் சுருளா கரை கட்டி நின்னுடுச்சு. இதோட மூணு தாள் போச்சு.

இன்னொண்ணு. காய்ஞ்ச பிறகு வானம் முழுக்க மணல் தூவின மாதிரி பொடிப்பொடியா இருக்கு. பெயிண்ட்ல கலப்படமா? தாள், பசங்க ஸ்கூலுக்கு வாங்குற டிராயிங் ஷீட்தான்.

நீலமலை:
300 ஜிஎஸ்எம் காட்டன் தாள் வாங்குங்க, கோல்டு பிரஸ். எல்லாம் சரியாயிடும்.

கும்மோணத்தான்:
ஆகாது. அந்தத் தாள்லயும் காலிஃபிளவர் ஜோரா பூக்கும், விலை கூடின காலிஃபிளவர், அவ்வளவுதான்.

தம்பி, மகாமகக் குளத்தைச் சுத்தி இருக்குற 16 மண்டபத்தையும் போட்டுப் பழகினவன் நான். எனக்கு எத்தனை பூ பூத்துச்சுன்னு கணக்கே இல்ல. பூசினதும் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, சாய்ச்சுப் பாருங்க. கண்ணாடி மாதிரி மினுங்கினா தைரியமா வேலை செய்யலாம். மினுக்கு செத்து, தொட்டா ஜில்லுன்னு மட்டும் இருக்குற நேரம் ஒண்ணு வரும். அப்பதான் கை சும்மா இருக்காது. அந்த நேரத்துல தாள்ல இருக்குறதவிட பிரஷ்ல தண்ணி கூட இருந்தா, அது பரவிப் பாதி காய்ஞ்சு கெடக்குற நிறத்தைத் தள்ளிக்கிட்டே போகும். காய்ஞ்ச எல்லை வந்ததும் அங்கயே போட்டுட்டு நின்னுடும். உங்க பூவோட கரை அதுதான்.

பரீட்சை அட்டையில தாளை டேப் போட்டு ஒட்டி, தலைப்பக்கம் ஒரு தீப்பெட்டியை அண்டக் கொடுங்க. வானத்துக்கு வேணும்கிற கலரை முதல்லயே பீங்கான் சாஸர்ல தாராளமா கரைச்சு வச்சுக்கணும், நடுவுல நின்னு கலக்கக் கூடாது. 12-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ்ல இடமிருந்து வலமா ஒரு பட்டை. அதுக்கு அடியில தண்ணி ஒரு மணி மாதிரி தொங்கும். அந்த மணியைத் தொட்டுத்தான் அடுத்த பட்டை. கடைசிப் பட்டையில தேங்கி நிக்கிறதை, பழைய பனியன் துணியில பிழிஞ்ச பிரஷ்ஷால உறிஞ்சி எடுத்துடுங்க. உங்களுக்கு அடி ஓரத்துல வெளுத்ததுக்கும் அங்க தேங்கின தண்ணிதான் காரணமா இருக்கும். அக்னி நட்சத்திரத்துல முதல் பட்டை காஞ்சு கோடு விழும், அப்ப தாளோட பின்பக்கத்தையும் ஸ்பாஞ்ச்ல நனைச்சுக்குங்க.

மணல் கலப்படம் இல்ல, அது அல்ட்ராமரினோட குணம். டியூப்ல பி.பி. 29னு போட்டிருக்கும். அந்தத் துகள் கொஞ்சம் பெருசு, தாளோட பள்ளத்துல போய் உக்காந்துக்கும். கிரானுலேஷன்னு சொல்லுவாங்க, அதுக்காகவே தேடி வாங்குறவங்க இருக்காங்க. முன்னாடி ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்த லாப்பிஸ் லாசுலி கல்லை அரைச்சுத்தான் இந்த நீலம். தங்கத்துக்கு நிகரான விலை. அதைச் செயற்கையா செஞ்சதுக்கு 1828-ல கிமேங்கிற பிரெஞ்சுக்காரர் பரிசு வாங்கினார். அதனாலதான் நம்ம கைக்கும் வந்துச்சு. மணலே வேண்டாம்னா தாலோ நீலம், பி.பி. 15. வழவழன்னு விழும். ஆனா கறை மாதிரி பிடிச்சுக்கும், தப்பு பண்ணினா கழுவி எடுக்க முடியாது.

தாள் விஷயத்துல நீலமலை சொன்னது பாதி சரி. 300 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை. டிராயிங் ஷீட் அதுல பாதிகூட வராது, நனைஞ்சா அப்பளமாட்டம் நெளியும், நெளிஞ்ச குழியில தண்ணி நிக்கும், பூ பூக்கும். கோல்டு பிரஸ்னா சூடில்லாம அழுத்தினது, மேல மேடுபள்ளம் இருக்கும். பத்துத் தாள் மட்டும் வாங்கி, ரெண்டு பக்கமும் போட்டுப் பழகுங்க.

வெள்ளாற்றங்கரை:
அண்ணன் விட்ட ஒண்ணு. நல்ல தாள் வாங்கினா பிளாஸ்டிக் கவர்ல கட்டி உள்ளறையில வைங்க. நான் ஒரு ஐப்பசி மழை முழுக்கப் பரண்ல போட்டு வச்சேன். தாள்ல ஜெலட்டின் பசை ஏத்தியிருப்பாங்க, அது ஈரத்துல கெட்டுப்போச்சு. பெயிண்ட் வச்ச இடத்துல எல்லாம் மையொத்துத் தாள் மாதிரி குடிச்சு, கரும்புள்ளியா நின்னுச்சு.

பூவையும் ஒரேயடியா விரட்டாதீங்க. கரையோரப் புதருக்கு நான் வேணும்னே தண்ணி சொட்டு விடுவேன், இலை அதுவா வரும்.

தெப்பக்கரை:
இன்னைக்கு அதே டிராயிங் ஷீட்லயே, தீப்பெட்டி வச்சுப் போட்டேன். மினுக்கு செத்த நேரம் பார்த்து வலது மூலையில லேசா ஒரு வெளுப்பு. கை பிரஷ்ஷுக்குப் போயிடுச்சு. சரியா அப்ப ஒருத்தர் ரெண்டு மூட்டை யூரியா கேட்டு வந்துட்டார். பில் போட்டு, மூட்டையை வண்டியில ஏத்திட்டு வந்து பார்த்தா வானம் காய்ஞ்சு கெடக்கு. ஒரு பூவும் இல்ல. வெளுப்பு மேகம் மாதிரி இருக்கு.

கும்மோணத்தான்:
மறுபடி வந்தா அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.