டாக்வெல்க் நத்தை: பெயின்ட்டைத் தடை செய்ததோடு முடிந்ததா?

கடலோரன்: இங்கிலாந்துப் பாறைக் கரைகள் பலவற்றில் டாக்வெல்க் நத்தை அழிந்ததற்குக் காரணம், படகின் அடிப்பெயின்ட்டில் கலந்த டிபிடி (ட்ரைபியூட்டைல்டின்) என்ற தகரச் சேர்மம். 1987இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைப் பூச அங்கே தடை. 2008இல் பன்னாட்டு ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. பல கரைகளில் நத்தை திரும்பிவிட்டது. இனியும் கணக்கெடுப்பு வீண்செலவு.

நெய்தல்: காரணம் சரி, முடிவு தப்பு. இந்த நத்தைக்கு நீரில் மிதக்கும் இளம்பருவமே கிடையாது. நெல்மணி அளவுக் கூடுகளைப் பாறை இடுக்கில் ஒட்டும். ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள். பெரும்பாலானவை மற்றவற்றுக்குத் தீனி. மிஞ்சும் சில டஜன் குஞ்சுகள் சுமார் நாலு மாதம் கழித்து ஊர்ந்துதான் வெளியே வரும். நடுவே நீளமான மணற்கரை இருந்தால் தாண்டுவது அபூர்வம். காலியான பாறை, தண்ணீர் சுத்தமான பிறகும் காலியாகவே கிடக்கும்.

கடலோரன்: அப்படியென்றால் நல்ல கரையிலிருந்து 200 நத்தையை அள்ளி வந்து விட்டால் போயிற்று!

நெய்தல்: வேண்டாம். அலை மோதும் கரை நத்தைக்கு ஓட்டின் வாய் அகலம், கால் பெரிது. அமைதியான கரையில் நண்டுக்குத் தப்பத் தடித்த ஓடு. மாற்றி விட்டால் அலை அடித்துப் போகும், இல்லையேல் நண்டு உடைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து டிபிடிதான். லிட்டருக்கு 1 நானோகிராம் தகரம் என்ற அளவிலேயே பெண் நத்தைக்கு ஆண்குறி முளைக்கத் தொடங்கும். நஞ்சின் அளவு கூடினால் விந்துக்குழாய்த் திசு வளர்ந்து முட்டை வரும் துளையை மூடும். கூடுகள் உள்ளேயே தேங்கிக் கருக்கும், நத்தை சாகும். துறைமுகச் சேற்றைத் தோண்டினாலும் பழைய பெயின்ட்டைச் சுரண்டினாலும் நஞ்சு திரும்பக் கலங்கும். முதலில் அளக்கணும்.

உப்புக்காற்று: அளக்கும் முறை இது. உதடு (ஓட்டு வாயின் விளிம்பு) தடித்த, வளர்ந்த 40 நத்தைகளை 7 சதவீத மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளர வைத்துவிட்டு ஓட்டை உடைக்கணும். தளராவிட்டால் உறுப்பு சுருங்கி அளவு பொய் சொல்லும். ஆண்குறியின் சராசரி நீளம் பெண்ணில் 2 மி.மீ., ஆணில் 4 மி.மீ. என்றால், இரண்டையும் கனப்படுத்தி (2×2×2 = 8, 4×4×4 = 64), 8ஐ 64ஆல் வகுத்து நூறால் பெருக்க 12.5. நஞ்சின் தாக்கம் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். ஒட்டுண்ணிப் புழு தாக்கியதை ஒதுக்குங்கள். கென்ட்டில் டம்ப்டன் கேப் பக்கம் பிறவியிலேயே சில ஆண்களுக்கு உறுப்பு குட்டை, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

கடலோரன்: தள்ளாடும் கூட்டத்தில் 40ஐக் கொல்வது மட்டும் நியாயமா?

நெய்தல்: இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் சிறிதானால் ஒன்றையும் எடுக்காதீர்கள். வசந்தத்தில் நீர் வற்றும்போது இடுக்குகளில் மஞ்சள் கூடுகளைத் தேடுங்கள். உதடு மெலிந்த குட்டிகளை எண்ணுங்கள். புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள், அடியில் கூடு ஒட்டியிருக்கலாம்.