எடை குறைந்ததும் பசி கூடுவது ஏன்?

கேள்வி (ஜார்ஜ்டவுன் வாசகி): பத்துக் கிலோ இறங்கியவருக்குப் பசி முன்னைவிட ஏறுவது மனக்கட்டுப்பாடு இல்லாததாலா? இணையத்தில் விற்கும் லெப்டின் மாத்திரை உதவுமா?

செந்தூல் டயட்டீஷியன்: மனசைத் திட்டாதீர்கள் தங்கச்சி, இது ஹார்மோன் வேலை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின்தான் மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸுக்குக் கொழுப்புக் கையிருப்பைச் சொல்கிறது. கொழுப்பு கரைந்தால் லெப்டின் விழும். அங்கே பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி நரம்பணுக்கள் ஓங்கும், அடக்கும் பிஓஎம்சி அணுக்கள் தணியும். இரைப்பையிலிருந்து வரும் பசி ஹார்மோன் கிரெலினும் ஏறும். 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஓராண்டு கழிந்தும் இம்மாற்றங்கள் நீடித்தன. ஓய்வில் எரியும் கலோரியும் குறையும், அதுதான் இரட்டை அடி.

மாத்திரை வீண் செலவு. லெப்டின் ஒரு புரதம், வயிற்றிலேயே செரிந்துவிடும். தவிர, பருமனானவர் பெரும்பாலோரிடம் லெப்டின் ஏற்கெனவே அதிகம், மூளைதான் செவிசாய்ப்பதில்லை.

பாயான் லெப்பாஸ் அண்ணன்: நாசி கண்டார் (சோறும் கறிகளும்) தட்டில் மீன், கோழி, வெண்டைக்காய் முதலில்; சோறு பிறகு. புரதமும் நாரும் குடலில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் எனும் நிறைவு ஹார்மோன்களின் சுரப்பைத் தூண்டும். நிறைவு உணர 20 நிமிடமாவது விடுங்கள், உடனே 'தம்பா' (இன்னும் கொஞ்சம்) கேட்க வேண்டாம். இனிப்புப் பால் தேநீரான தே தாரிக்குக்குப் பதில் தே ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். திரவச் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை.

செந்தூல் டயட்டீஷியன்: தூக்கத்தை விட்டுவிட்டீர்களே அண்ணே! ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு எந்தத் தட்டு வரிசையும் எடுபடாது.